எமி ஜான்சன்: திறமையா, அதிர்ஷ்டமா? விமானம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்காசி வாசகன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு எமி ஜான்சனை எடுத்திருக்கிறாள். 1930-ல் லண்டன் பக்கத்து குரோய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை தனியாக விமானம் ஓட்டிப்போன முதல் பெண். மே 5-ம் தேதி கிளம்பி 24-ம் தேதி இறங்கினார், 11,000 மைல். இதுவரை எங்களுக்கும் தெரிகிறது.

சிக்கல் என் மச்சானால் வந்தது. அவர் கணக்கு இப்படி: கிளம்பும்போது எமி பறந்திருந்ததே மொத்தம் 85 மணி நேரம்தான். அதுவரை போன நீண்ட பயணம் லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரைக்கும். வழியில் ஜான்சியில் இடி, ரங்கூன் பக்கம் இடி, ஜாவாவில் இறக்கையில் ஓட்டை, எல்லாம் முடிந்து பிரிஸ்பேனில் விமானம் தலைகீழ். 1928-லேயே பெர்ட் ஹிங்க்லர் இதே தூரத்தை 15½ நாளில் போய்விட்டார், இவருக்கு 19½ நாள். "அப்பா காசு, கொஞ்சம் அதிர்ஷ்டம், மீதி பத்திரிகை" என்று முடித்துவிட்டார். மகள் முகம் சுருங்கிப்போனது.

எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எமி நல்ல பைலட்டா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள். புகழ்மாலை வேண்டாம், அது இணையத்தில் நிறையவே கிடைக்கிறது.

கொங்கு குமரன்

மச்சான் சொல்வதில் பாதி சரி. குரோய்டனில் வழியனுப்ப வந்தவர்கள் அப்பாவும் சில நண்பர்களும்தான், பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. ஆறே நாளில் கராச்சி போய்ச் சேர்ந்தார், ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால். அதற்குப் பிறகுதான் லண்டன் விழித்தது. டெய்லி மெயில் பத்திரிகை கொடுத்த 10,000 பவுண்டு, பெயரில் வந்த பாட்டு எல்லாம் அப்புறம்.

காசு விஷயம்: விமானம் 600 பவுண்டுக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட். பாதி அப்பா கொடுத்தார், மீதி வேக்ஃபீல்டு பிரபு. காஸ்ட்ரால் எண்ணெய் கம்பெனிக்காரர் அவர், விளம்பரக் கணக்கு இல்லாமலா இருந்திருக்கும்? ஆக யாரோ காசு போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் காசு இல்லாமல் எந்தப் பைலட் பறந்தார், சொல்லுங்கள்.

பழைய ஹேங்கர்க்காரன்

தம்பி தென்காசி, நான் பைலட் இல்லை. 31 வருஷம் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். முதல் பாதி ஒரு ஃப்ளையிங் கிளப்பில், துணி போர்த்திய புஷ்பக் விமானங்களோடு. எமி ஓட்டிய ஜிப்ஸி மாத்தும் துணி விமானம்தான். மரச்சட்டம், மேலே லினன் துணி, துணிமேல் 'டோப்' என்ற பூச்சு. அதனால் உங்கள் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

எமி சுமாரான பைலட். இதை நேராகவே சொல்லிவிடலாம். தனியாகப் பறக்க விடுவதற்கு முன் அவருக்கு ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது, அந்தக் காலத்தில் மற்றவர்களுக்கு அதில் பாதி, கொஞ்சம் கூட ஆகும். முக்கியமாகத் தரையிறக்கம் அவருக்குக் கடைசிவரை தொல்லை. மச்சான் சொன்ன இடிகளை வரிசையாகப் பாருங்கள், ஒன்றுகூட ஆகாயத்தில் நடந்ததில்லை. எல்லாம் இறங்கும்போது.

ஆனால் மச்சானிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இத்தனை இடி வாங்கிய விமானம் மறுநாளோ, இரண்டு மூன்று நாளிலோ மறுபடி எப்படிக் கிளம்பியது? இறங்கும்போது உடைத்தவர் பைலட் எமி. அதை மீண்டும் பறக்க வைத்தவர் இன்னொரு எமி. 1929 டிசம்பரில் கிரவுண்ட் இன்ஜினியர் 'சி' லைசென்ஸ் வாங்கியவர், பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண். என்ஜினைப் பார்த்து, "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போடும் தகுதி அது. பைலட் லைசென்ஸ் ஜூலையில் வந்தது, ஐந்தே மாதத்தில் இது. ஆஸ்திரேலியா போய்ச் சேர்த்தது இந்த இரண்டாவது காகிதம் என்பது என் கட்சி.

முதலில் இடிகளுக்கு வருகிறேன். ஜிப்ஸி மாத்துக்கு பிரேக் கிடையாது. வால் பக்கம் சக்கரமும் இல்லை, தரையில் உரசிக்கொண்டு வரும் ஒரு கட்டை மட்டும். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையில் விரியும் ஃபிளாப்பும் கிடையாது. முன் இருக்கையில் பெட்ரோல் டேங்க், பைலட் பின் இருக்கையில். இறங்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும், நேர் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மைதானத்தின் பாதியில் சக்கரம் தொட்டுவிட்டால், எங்கே நிற்பது என்பதை மீதி மைதானம்தான் முடிவு செய்யும். ஜான்சியில் அதுதான் நடந்தது. அலகாபாத்துக்குப் பெட்ரோல் போதாமல், பட்டாளத்தார் அணிவகுக்கும் மைதானத்தில் இறங்கினார். வண்டி ஓடிப்போய் பாரக்ஸ் கட்டிடங்களுக்கு நடுவே இறக்கையைக் கொடுத்து நின்றது. உள்ளூர் ஆட்களை வைத்துச் சரிசெய்துகொண்டு விடிவதற்குள் கிளம்பிவிட்டார். அன்றே அலகாபாத், அன்றே கல்கத்தா.

ரங்கூன் கதையைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மே மாத நடு, பர்மாவில் மழை பிடித்துவிட்டது. அவர் இறங்க வேண்டியது ரங்கூன் குதிரைப் பந்தய மைதானம். மழையில் அது கண்ணில் படவில்லை. இன்செய்ன் என்ற ஊரில் அரசு தொழில்நுட்பப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தைப் பார்த்து இதுதான் என்று இறங்கிவிட்டார். வண்டி நிற்காமல் போய் ஒரு பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. புரொப்பெல்லர் போச்சு, டயர் போச்சு, சக்கரத்தைத் தாங்கும் கால்கள் வளைந்தன, இறக்கையில் சட்டம் முறிந்து துணி கிழிந்தது.

இங்கே அவருக்கு உண்மையிலேயே அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. விழுந்த இடம் தொழில்நுட்பப் பள்ளி! பட்டறை, தச்சு வேலை, கொல்லு வேலை, வாத்தியார், பையன்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். புரொப்பெல்லருக்குக் கவலை இல்லை, உதிரி ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டியே கொண்டு வந்திருந்தார். (கிளம்பும்போதே ஒன்று உடையும் என்று கணக்குப் போட்டவரைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு மரியாதை.) முறிந்த சட்டத்தைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். துணிக்கு என்ன செய்வது? விமான லினன் கடைத்தெருவில் கிடைக்கிற சரக்கா? முதல் உலகப்போர் முடிந்ததும் மிஞ்சிய விமானத் துணியை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதை வாங்கிச் சிலர் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். டோப் தீர்ந்துபோனது, ரங்கூனில் ஒரு மருந்துக்கடைக்காரர் அதற்குச் சமமான ஒன்றைக் கலக்கிக் கொடுத்தார்.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்த வேலை விளையாட்டு இல்லை. கிழிசலின் இரண்டு உதடுகளையும் மெழுகு தடவிய நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைக்க வேண்டும். அதிகம் இழுத்தால் பக்கத்தில் சுருக்கம் விழும், குறைத்து இழுத்தால் காற்றில் உப்பும். பிறகு சுற்றியுள்ள பழைய டோப்பைக் கரைத்துத் துடைத்து, ஓரங்களில் நூல் உருவிய ஒட்டுத் துணியை வைத்து, பூச்சு மேல் பூச்சு. காயக் காயத் துணி இறுகும். சரியாக வந்திருந்தால் விரலால் சுண்டும்போது மிருதங்கத்தின் தொப்பிபோல ஓசை வரும். மழை ஈரத்தில் டோப் அடித்தால் வெள்ளை பூத்து வலுவில்லாமல் போகும். எங்கள் கிளப்பில் ஐப்பசி கார்த்திகையில் டோப் வேலையே வைத்துக்கொள்ள மாட்டோம். இவர்கள் பர்மா மழையில், கலந்து கொடுத்த சரக்கை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் முடித்திருக்கிறார்கள். சட்டைத் துணி போட்ட அந்த இறக்கையை நம்பிப் பறக்கலாமா, கூடாதா? அந்த முடிவை எடுக்க அங்கே அதிகாரி யாரும் இல்லை. எடுத்தது எமி. பார்க்கத் தெரிந்தவர் என்பதால்தான் எடுக்க முடிந்தது. 16-ம் தேதி பாங்காக்குக்குக் கிளம்பியாயிற்று.

ஜாவாவில் ஜோமல் என்ற இடத்தில் சர்க்கரை ஆலைத் தோட்டத்தில் இறங்கினார். புது வீடு கட்ட மூங்கில் குச்சி நட்டு அளவு போட்டிருந்தார்கள், அது இறக்கையில் குத்தி ஓட்டை. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். இதைப் பலர் வேடிக்கைச் சம்பவமாக எழுதுகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. எந்தக் கிழிசலுக்கு இரண்டு நாள் உட்கார வேண்டும், எதற்குப் பிளாஸ்திரி போதும் என்று பிரித்துப் பார்க்கும் கண் அது. அந்தக் கண் வர எங்கள் பையன்களுக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

இது போக தினசரி வேலை. எட்டு பத்து மணி நேரம் திறந்த காக்பிட்டில் காற்றிலும் வெயிலிலும் உட்கார்ந்து வந்து இறங்குகிறார். ஹிங்க்லர் மாதிரி பழுத்த கை இல்லை, கூட ஆளும் இல்லை. இறங்கியவுடன் பெட்ரோலை வடிகட்டி ஊற்ற வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும், பிளக்குகளைக் கழற்றித் துடைக்க வேண்டும், வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். அதற்கே இரவு போய்விடும். தூக்கம் மூன்று மணி நேரம். பாக்தாத் போகும் வழியில் மணல் புயல் அடித்து பாலைவனத்தில் இறங்க வேண்டி வந்தபோது, சக்கரத்துக்குப் பெட்டி படுக்கையை முட்டுக் கொடுத்தார். என்ஜினை கேன்வாஸ் போட்டு மூடினார். அதற்கப்புறம்தான் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வால் பக்கம் உட்கார்ந்தார். மணல் உள்ளே போனால் என்ஜின் என்ன ஆகும் என்று தெரிந்தவர் செய்யும் வரிசை அது.

அந்த 100 குதிரைசக்தி என்ஜின் கடைசிவரை அவரைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தீமோரிலிருந்து டார்வினுக்கு சுமார் 500 மைல் கடல். ரேடியோ கிடையாது. நடுவில் ஷெல் கம்பெனியின் எண்ணெய்க்கப்பல் ஒன்றை அடையாளத்துக்கு நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்குள் 19 நாள் ஓடிய என்ஜினை வைத்துக்கொண்டு அந்தக் கடலைத் தாண்டுவதை அதிர்ஷ்டக் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

கொங்கு குமரன்

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஹிங்க்லர் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அவர் ஆவ்ரோ கம்பெனியில் வருஷக்கணக்கில் சோதனை பைலட்டாக இருந்தவர். அவரோடு 85 மணி நேரக்காரரை ஒப்பிட்டு நாலு நாள் தாமதம் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். கராச்சி வரை அந்த ஹிங்க்லரையே முந்தியிருந்தார். ஜான்சி இடியும் ரங்கூனில் போன நாட்களும் அவரைச் சாதனையைத் தவறவிட வைத்தன.

ஸ்பானர் செல்வி

ஐயா, நான் விமானப் பராமரிப்புப் படிப்பு இரண்டாம் வருஷம். எங்கள் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். பிராக்டிகலில் என்ஜினைத் திறக்கும்போது பையன்கள் கைக்கு ஸ்பானர் போகும், எங்கள் கைக்கு வேலையைப் பதிவு செய்யும் லாக் புக் வரும். "கையெழுத்து அழகா இருக்கும்மா, நீ எழுது" என்பார்கள். 1929-ல் எமியை ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், எப்படி விட்டார்கள்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பழைய ஹேங்கர்க்காரன்

அம்மா செல்வி, சும்மா விடவில்லை. ஹல் ஊரில் அப்பாவுக்கு மீன் வியாபாரம். எமி ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக இருந்தார். அதாவது டைப் அடிக்கிற வேலை. ஸ்டாக் லேன் விமான தளத்தில் லண்டன் ஏரோபிளேன் கிளப் இருந்தது, பறக்கக் கற்றது அங்கே. அங்கே தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸ். எமி காலையில் அலுவலகத்துக்கு முன், சாயங்காலம் அலுவலகம் விட்டு என்று ஹேங்கரில் போய் நின்றார். என்ன வேலை கொடுப்பார்கள்? துடைப்பது, கழுவுவது, எண்ணெய் வடிப்பது. அதை முகம் சுளிக்காமல் செய்தார். பிறகு வேலையையே விட்டுவிட்டு முழு நேரமும் ஓவர்ஆல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஹேங்கரில் அவர் பெயர் 'ஜானி'. ஹம்ஃப்ரீஸ் அவருக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். ஆஸ்திரேலியா யோசனைக்கும் துணை நின்றவர் அவர்.

ஒரு விஷயம் பாரு. 1934 முதல் 1937 வரை பிரிட்டனின் பெண்கள் பொறியியல் சங்கத்துக்குத் தலைவர் எமி. உலகம் முழுக்க பைலட் என்று கொண்டாடிய பிறகும் என்ஜினியர்கள் கூட்டத்தை அவர் விடவில்லை.

லாக் புக்கை எழுது, வேண்டாம் என்று சொல்லாதே. யார் என்ன செய்தார் என்று எழுதுகிறவருக்குத்தான் முழு வேலையும் புரியும். ஆனால் எழுதி முடித்தவுடன், "சார், நான் எழுதினதை நானே ஒரு தடவை செய்து பார்க்கிறேன்" என்று கேள். வகுப்பில் நாலு பேர் முன்னால் கேள், தனியாகப் போய்க் கேட்காதே. நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்ல வாத்தியார்களுக்கு வாய் வராது.

லாகூர் ரயில்

கிளை தாவுகிறேன், மன்னிக்கவும். 1936-ல் லாகூரில் சரளா டக்ரால் சேலை கட்டிக்கொண்டு தனியாகப் பறந்தாரே, அதுவும் ஜிப்ஸி மாத்தில்தான். அப்போது அவருக்கு 21 வயது, ஒரு குழந்தைக்குத் தாய். மகள் பேச்சில் ஒரு வரி சேர்க்கலாம். எமி தாண்டிப்போன ஆறு வருஷத்தில் இந்தப் பக்கமும் ஒரு பெண் அதே வகை விமானத்தில் ஏறிவிட்டார்.

தென்காசி வாசகன்

எல்லோருக்கும் நன்றி. ஹேங்கர்க்காரர் ஐயா எழுதியதை மகள் இரண்டு தடவை படித்தாள். பேச்சுக்குத் தலைப்பையே மாற்றப்போகிறாளாம், 'சட்டை கிழித்த விமானம்' என்று. அவளுக்கு இரண்டு சந்தேகம். எமி எப்படி இறந்தார்? விமானத்துக்கு ஜேசன் என்று ஏன் பெயர்?

கொங்கு குமரன்

ஜேசன் என்பது அப்பாவின் மீன் கம்பெனி வணிகப் பெயர். அந்த விமானம் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

மரணம் போர்க்காலத்தில். ஜிம் மாலிசன் என்ற பைலட்டோடு 1932-ல் கல்யாணம், 1938-ல் விவாகரத்து. இடையில் கேப் டவுன் வரை பறந்து கணவரின் சாதனையையே முறியடித்தார். பாப்பா அதையும் சொல்லலாம், கைதட்டல் நிச்சயம். 1940-ல் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலரியில் சேர்ந்தார். தொழிற்சாலையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் போர் விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. 1941 ஜனவரி 5, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து கிட்லிங்டனுக்கு 'ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு' என்ற வகை விமானம் ஒன்றை ஓட்டிப் போனார். மோசமான வானிலையில் வழி தப்பி, வெகு தூரம் தள்ளி தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டில் குதித்தார். ஹேஸில்மியர் என்ற கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் காப்பாற்றக் கடலில் குதித்தார், குளிரில் அவரும் இறந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37. சுட்டுவிட்டார்கள், ரகசியப் பயணம் என்றெல்லாம் இணையத்தில் ஓடும், ஒன்பதாம் வகுப்புப் பேச்சில் அதை நுழைக்க வேண்டாம்.

ஸ்பானர் செல்வி

ஐயா, கடைசியாக ஒன்று. மருந்துக்கடைக்காரர் டோப் எப்படிக் கலக்கியிருப்பார்? எங்கள் பாடத்தில் துணி விமானம் அரைப் பக்கம்தான் வருகிறது.

பழைய ஹேங்கர்க்காரன்

அடிப்படை ஒன்றுதான் அம்மா. செல்லுலோஸை அமிலத்தில் பக்குவம் செய்து, நைட்ரேட்டாகவோ அசிடேட்டாகவோ ஆக்கி, அசிட்டோன் மாதிரியான கரைப்பானில் கரைப்பது. கரைப்பான் பறந்துபோனதும் மெல்லிய தோல்போலத் துணியில் பிடித்துக்கொண்டு இறுகும். அந்தக் காலத்து மருந்துக்கடைகளில் காயத்தின் மேல் தடவ 'கொலோடியன்' என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள், அதுவும் இந்த இனம்தான். அதனால் மருந்துக்கடைக்காரரிடம் போனதில் ஆச்சரியம் இல்லை. நைட்ரேட் டோப் சட்டென்று தீப்பிடிக்கும். எங்கள் டோப் அறையில் தீப்பெட்டியோடு நுழைந்த ஒருவரை ஃபோர்மேன் விரட்டிய விரட்டு இன்னும் காதில் கேட்கிறது. நெட்டில் செய்முறை பார்த்து ஹாஸ்டல் அறையில் கலக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதே. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய புஷ்பக் வைத்திருக்கும் கிளப் இருந்தால் விசாரித்துப் போய், கிழிந்த துணி ஒரு முழம் கேட்டு வாங்கி, முதலில் தையலைப் பழகு.